குயவர் வழியில் ஓர் உலோகம்

உலோகம் என்ற அளவில் நம் நினைவிற்கு வருபவர் கொல்லரும் கன்னாரும் தட்டாருமே. உருக்குதல், வார்த்தல், அடித்தல், நீட்டுதல் என்னும் தொழில்களெல்லாம் அவர்களுடையவை. குயவர் தொழிலோ வேறு. அவர் மண்ணை உருக்குவதில்லை. அதனைப் பொடித்துக் குழைத்து, வேண்டிய உருவில் அமைத்து, உலர்த்திச் சூளையில் அடுக்கி, உருகும் நிலைக்குக் கீழான வெப்பத்தில் வேகவைத்து எடுக்கின்றார். உருவம் முதலிலேயே அமைந்துவிடுகின்றது. நெருப்பு அதனை உறுதிப்படுத்துகின்றது. இவ்விரு தொழில்களும் தொன்றுதொட்டு வேறு வேறு தெருக்களில் நடைபெற்று வந்தவை. இக்காலத்தில் ஓர் உலோகம் கொல்லர் தெருவை விட்டுக் குயவர் தெருவிற்குக் குடிபெயரத் தொடங்கியுள்ளது. அவ்வுலோகம் டைட்டானியம். குடிபெயருங்கால் அது பூணும் கோலமே டைட்டானிய ஹைட்ரைடு என்னும் சாம்பல் நிறத் தூள். அத்தூளை இரசாயன முறையில் ஆக்கும் வகையினை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இதில் என்ன உரிமை என்று இரசாயன வகுப்பினர் கேட்கக்கூடும். எமக்குள்ள உரிமை ஊர் வழியாக வந்தது. கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்துள்ளது கம்மாபுரம். பழையோர் திருமுதுகுன்றம் என்று போற்றிய விருத்தாசலம் இந்நாளில் பீங்கானுக்கும் பெயர்பெற்ற ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியின்மேற் கிடக்கும் மண்ணோடு வெண்களிமண்ணும் அகழ்ந்தெடுக்கப்படுகின்றது. அதனை ஆதாரமாகக் கொண்டு விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் கழகமும் தோன்றின. பொம்மையும் பாத்திரமும் மின்சாரக் கம்பிகளுக்குரிய பீங்கானும் அங்கே சூளையேறுகின்றன. ஆதலின் எம் பக்கத்தார்க்குச் சூளையின் தன்மை புதிதன்று.

டைட்டானியமும் அவர்களுக்குப் புதிதன்று. பெயர்தான் பலர்க்குப் புதிது. வெண்களிமண்ணிற் பெரும்பாலானவற்றில் இரும்பின் ஆக்ஸைடும் டைட்டானியத்தின் ஆக்ஸைடும் சிறிதளவு கலந்திருக்கும். நூற்றுக்கு ஒரு பங்கோ இரு பங்கோ இருப்பினும், சுட்ட பாண்டம் தூய வெண்மையை இழந்து மஞ்சள் சாயல் கொள்ளும். வியப்பு யாதெனின், தனித்துப் பிரித்தெடுக்கப்பட்ட டைட்டானிய ஆக்ஸைடே உலகில் மிகச் சிறந்த வெண்ணிறப் பொடி என்பது. பெயின்டிற்கும் காகிதத்திற்கும் பற்பசைக்கும் வெண்மை தருவது அதுவே. தனித்து நின்றால் வெண்மை தருவது, களிமண்ணில் இரும்போடு கூடியவிடத்து வெண்மையைக் கெடுக்கின்றது. கூட்டுறவின் பயன் அது.

இவ்வுலோகத்தை முதன்முதல் உணர்ந்தவர் ஒரு குருவானவர். இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியாகிய கார்ன்வாலில் வில்லியம் கிரிகர் என்பார், 1791-ஆம் ஆண்டில், மனாக்கன் என்னுமிடத்து ஓடையிற் கிடைத்த கருமணலை ஆராய்ந்து, அதுவரை எவரும் அறியாத உலோகம் ஒன்று அதிலுண்டு எனக் கண்டார். 1795-இல் ஜெர்மானிய அறிஞர் கிளாப்ராத் ரூட்டைல் என்னும் தாதுவில் அதனையே கண்டு, கிரேக்கப் புராணங்களில் வரும் டைட்டான் என்னும் பேருருவினரின் பெயரை அதற்கு இட்டார். பூமியின் மேலோட்டில் மிகுதியாகவுள்ள தனிமங்களை வரிசைப்படுத்தினால் இஃது ஒன்பதாவது இடம் பெறும். இரும்பின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கே உடையது, கடல்நீரால் அரிக்கப்படாதது, 1668 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலேயே உருகுவது. விமானம், விண்கலம், எலும்பு முறிந்தார்க்குப் பொருத்தும் தகடு ஆகியவற்றிற்கு இதனை நாடுவதன் காரணம் இவையே.

கார்ன்வாலிற் போலவே நம் தென்கடற்கரையிலும் கருமணல் உண்டு. அளவிலோ அதனினும் பன்மடங்கு மிகுதி. 1909-ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் தாதுவைக் கண்டுபிடித்தார். விளக்குகளின் ஒளிவலைக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்தது. அம்மணல் வந்த இடத்தைத் தேடிச் சென்றபோது அகப்பட்டதே மணவாளக்குறிச்சி. அஃது அன்று திருவிதாங்கூரைச் சார்ந்தது. 1956 முதல் நம் மாநிலத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சார்ந்தது. மோனசைட்டைத் தேடியவர்க்கு உடன் கிடைத்த கரிய இல்மனைட் முதலில் வேண்டாப் பொருள். அதில் இரும்பும் டைட்டானியமும் பிராணவாயுவும் கூடியிருக்கின்றன. வெண்ணிறப் பொடிக்கு அது பயன்படும் என்பது தெரிந்தபின், கப்பல் கப்பலாக அயல்நாடு சென்றது. மணலை விற்று, அதிலிருந்து எடுத்த பொருளைப் பன்மடங்கு விலைக்கு வாங்கும் வாணிகம் நெடுங்காலம் நடந்தது. திருவனந்தபுரத்தில் வெண்பொடி செய்யும் டிராவன்கூர் டைட்டானியம் கம்பெனி 1946-இல் தோன்றியது. உலோகம் செய்யும் காலம் வருதற்கோ அதன்பின்னும் அறுபதாண்டிற்கு மேலாயிற்று.

ஏன் இத்தனை காலம்? டைட்டானியம் பிராணவாயுவைப் பற்றியிருக்கும் பிடியே காரணம். தாதுவினின்று பிராணவாயுவைப் பிரித்து உலோகத்தைத் தனிப்படுத்தலை இரசாயன நூலார் ஒடுக்கம் என்பர். இரும்பிற்கு இது எளிது. எங்கள் மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரும்பாலை நிறுவியபோது, சேலத்துத் தாதுவும் காட்டு மரக்கரியுமே அதற்குப் போதியனவாயின. கரி பிராணவாயுவைக் கவர்ந்துகொண்டு வாயுவாக வெளியேறும், இரும்பு நிற்கும். இம்முறையை டைட்டானியத்தின்பாற் செலுத்தினால், கரி பிராணவாயுவை ஓரளவு அகற்றியபின் தானே அவ்விடத்தில் அமர்ந்துவிடும். கிடைப்பது டைட்டானியமன்று, டைட்டானிய கார்பைடு என்னும் கடினமான வேறொரு பொருள். ஹைட்ரஜனைக் கொண்டு ஒடுக்க முயன்றாலோ, அது பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஆகவே அறிஞர் சுற்றுவழி சென்றனர். தாதுவைக் கரியோடு சேர்த்துக் குளோரினில் வறுத்தால் டைட்டானியம் நீர்போன்ற ஒரு குளோரைடாக மாறும். 1910-இல் அமெரிக்கரான ஹண்டர் அதனைச் சோடியத்தோடு எஃகுக் கலத்தில் அடைத்துச் சூடாக்கித் தூய உலோகம் கண்டார். 1930-ஐ அடுத்த ஆண்டுகளில் லக்ஸம்பர்க் நாட்டுக் குரோல் சோடியத்திற்கு மாற்றாக மக்னீசியத்தைக் கையாண்டு வெற்றி பெற்றார். இன்றளவும் உலகின் டைட்டானியம் பெரும்பாலும் குரோல் வகுத்த வழியிலேதான் வருகின்றது. 2011-ஆம் ஆண்டில் கொல்லம் மாவட்டத்துச் சவறையில், ஆண்டிற்கு 500 டன் ஆக்கும் திறனுடைய ஆலை ஒன்று இம்முறையிலேயே தொடங்கப்பெற்றது. ஐதராபாத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆராய்ச்சிச்சாலை முறையை வகுத்தது; விக்ரம் சாராபாய் விண்வெளி நிலையம் பொருளுதவியது.

குரோல் முறையிற் கிடைப்பது கடற்பஞ்சு போலத் துளை நிறைந்த உலோகக் கட்டி. அதனை வெற்றிடத்தில் மீட்டும் மீட்டும் உருக்கி, வார்த்து, அடித்து, கடைந்து பொருளாக்க வேண்டும். கடைசலில் வீணாவது மிகுதி. இவ்வுலோகத்தின் விலையில் ஒரு பெரும்பங்கு இங்ஙனம் கொல்லர் வழியிற் செல்வதனால் ஏறுவது. தூளாகக் கிடைத்தால் அச்சில் அழுத்திச் சூளையிட்டு, பொருளை ஏறக்குறைய முழு உருவில் எடுத்துவிடலாம். ஆனால் டைட்டானியத்தைத் தூளாக்குவது எங்ஙனம்? அஃது இழுபடுமேயன்றி நொறுங்காது.

இங்கேதான் ஹைட்ரஜன் வருகின்றது. வெப்பமூட்டிய டைட்டானியம் ஹைட்ரஜனை, வறண்ட நிலம் மழைநீரைக் குடிப்பதுபோலக் குடிக்கும். ஓர் அணு டைட்டானியத்திற்கு இரண்டணு ஹைட்ரஜன் வரை உள்ளே புகும். எடையால் நூற்றுக்கு நான்கு. புகுந்தவுடன் உலோகத்தின் இழுபடுந்தன்மை போய்விடுகின்றது. சம்மட்டிக்கும் நெகிழாதது உரலில் இட்ட வெல்லம்போற் பொடியாகின்றது. டைட்டானியத்தாற் செய்த கருவிகளில் இக்குணம் தலைகாட்டினால் அது பெருங்கேடு; பொறியியலார் அஞ்சும் நோய் அது. தூள் செய்வார்க்கோ அந்நோயே உதவி. இதனால் உலோகக் கட்டியை முதலில் ஹைட்ரைடாக்கி, பொடித்து, பின் வெற்றிடத்திற் சூடாக்கி ஹைட்ரஜனை வெளியேற்றும் வழக்கம் நிலைபெற்றுள்ளது. எனினும், இது கட்டியைச் செய்தபின் அதனை உடைக்கும் வேலை. கட்டி செய்யும் செலவு குறையவில்லை.

ஆக்ஸைடிலிருந்து நேரே ஹைட்ரைடுத் தூளை அடையும் வழியும் உண்டு. கால்சியம் என்னும் உலோகம் டைட்டானியத்தினும் பிராணவாயுவின்மேற் பேராசை உடையது. கால்சியத்தை ஹைட்ரஜனிற் சூடாக்கினால் கால்சியம் ஹைட்ரைடு என்னும் வெண்ணிறப் பொருள் கிடைக்கும். அஃது உடையக்கூடியது, எளிதிற் பொடியாவது. இதனையும் டைட்டானிய ஆக்ஸைடையும் கலந்து சூடாக்குவதே முறை. கால்சியம் பிராணவாயுவைக் கைக்கொண்டு சுண்ணாம்பாகிவிடும். டைட்டானியம் ஹைட்ரஜனோடு நிற்கும். அமெரிக்காவின் பெவர்லி நகரத்து மெட்டல் ஹைட்ரைட்ஸ் கம்பெனியார் இவ்வழியில் முன்னோடிகள். இரஷ்ய நாட்டுத் துலா நகரிலும் இம்முறை தொழிலாக நடந்துவந்துள்ளது.

கணக்கைப் பார்ப்போம். 80 கிராம் டைட்டானிய ஆக்ஸைடிற்கு 84 கிராம் கால்சியம் ஹைட்ரைடு வேண்டும். முடிவில் 50 கிராம் டைட்டானிய ஹைட்ரைடும் 112 கிராம் சுண்ணாம்பும் 2 கிராம் ஹைட்ரஜனும் கிடைக்கும். நாம் விரும்பும் பொருளினும் விரும்பாத சுண்ணாம்பு இருமடங்கிற்கு மேல். இம்முறை மலிவாகாமைக்கு விலையுயர்ந்த கால்சியம் இவ்வளவு செலவாவதே காரணம். இதனை மறைப்பதிற் பயனில்லை.

செய்முறை வருமாறு. ஆக்ஸைடு சிறிதும் ஈரமின்றி வறுக்கப்படும். கால்சியம் ஹைட்ரைடு ஈரத்தைக் கண்டவுடன் ஹைட்ரஜனை வெளியிடுவதாகலின், இரண்டையும் கலத்தல் உலர்ந்த அறையிலேயே நடைபெற வேண்டும். கணக்கினும் சற்று மிகுதியாகவே ஹைட்ரைடைச் சேர்ப்பர். கலவையை எஃகுக் கலத்தில் அடைத்து, காற்றை அறவே வாங்கிவிட்டு, ஹைட்ரஜனை நிரப்பி, ஏறக்குறைய 900 முதல் 1100 பாகை வரை பல மணிநேரம் சூடாக்குவர். ஆக்ஸைடு உருகுவதில்லை, உருகாமலேயே துகள் துகளாக மாறுகின்றது. உச்ச வெப்பத்தில் டைட்டானியத்தால் ஹைட்ரஜனைப் பிடித்துவைக்க இயலாது. ஆதலின் கலத்தை ஹைட்ரஜன் சூழ்ந்திருக்கும்படியே மெல்ல ஆறவிட வேண்டும். ஆறும் காலத்தில்தான் உலோகம் அவ்வாயுவைக் குடித்து ஹைட்ரைடாகின்றது. அவசரப்பட்டுக் காற்றைப் புகவிட்டால், அரும்பாடுபட்டு அகற்றிய பிராணவாயு மீண்டும் வந்து குடியேறும்.

ஆறிய கட்டியில் சுண்ணாம்பின் நடுவே டைட்டானிய ஹைட்ரைடு துகள்களாகப் பதிந்திருக்கும். இதனைப் பிரிப்பது நம் வீட்டுப் பெரியோர் அறிந்த வேலையே. சுட்ட கிளிஞ்சலை நீரில் இட்டால் அது கொதித்து, வெடித்து, நீறிப் பாலாவதைக் காணாதவர் முன்னாளில் இல்லை. அவ்வண்ணமே கட்டியை உடைத்துச் சிறிது சிறிதாகக் குளிர்ந்த நீரில் இடுவர். சுண்ணாம்பு நீறும்; எஞ்சிய கால்சியம் ஹைட்ரைடு ஹைட்ரஜனைக் குமிழியிட்டு வெளியிடும். அருகில் நெருப்பு இருத்தலாகாது. சுண்ணாம்புப் பாலை இறுத்துவிட்டு, நீர்த்த உப்புத் திராவகத்தாலோ காடியின் புளிப்பாகிய அசெட்டிக் திராவகத்தாலோ கழுவி, மீண்டும் நன்னீரில் அலசி, வெற்றிடத்தில் இளஞ்சூட்டில் உலர்த்துவர். இத்தனை நீரையும் புளிப்பையும் தாங்கித் தூள் கெடாமல் நிற்பதற்கு ஹைட்ரைடாக இருப்பதும் உதவுகின்றது. முன் நொறுங்க உதவிய ஹைட்ரஜன் இப்போது காவலும் புரிகின்றது.

காவல் ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஒரு கணக்கு. வணிகத்தில் முதல் தரமான தூய டைட்டானியத்தில் பிராணவாயு நூற்றுக்கு 0.18 பங்கிற்கு மேற்படலாகாது. நான்காந் தரத்தில் 0.40 வரை இருக்கலாம். முன்னது அறுமுன் நூற்றுக்கு 24 பங்கேனும் நீளும். பின்னது 15 பங்கு நீண்டாற் போதும் என்று விதித்துள்ளனர். நூற்றில் கால் பங்கிற்கும் குறைந்த வேறுபாடு உலோகத்தின் குணத்தையே மாற்றிவிடுகின்றது. தூளுக்கோ மேற்பரப்பு மிகுதி. பிராணவாயு நுழைய வாயில்கள் ஆயிரம்.

கால்சியத்தினும் மலிவான மக்னீசியத்தைக் கொண்டு ஆக்ஸைடை ஒடுக்கலாகாதோ என்பது நெடுநாள் வினா. மக்னீசியம் பெரும்பான்மைப் பிராணவாயுவை அகற்றிவிடும். டைட்டானியத்துள் கரைந்து கிடக்கும் கடைசிப் பகுதியை அதனால் அசைக்க இயலவில்லை. இவ்வேலையைச் சூழ்ந்து ஹைட்ரஜனை நிறுத்தினால் அப்பிடி தளர்கின்றது என்பதை, அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 2010-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் வெளிப்படுத்தினர். டைட்டானியம் ஹைட்ரஜனோடு உறவாடும்போது பிராணவாயுவின்மேல் அதற்குள்ள பற்றுச் சிறிது குறைய, அவ்விடைவெளியில் மக்னீசியம் வேலையை முடித்துக்கொள்ளுகின்றது. எமக்கு இக்கட்டுரையிலேயே பெரிதும் இன்பந் தந்த செய்தி இது. தானே ஒடுக்க வலியற்ற ஹைட்ரஜன், அருகில் நின்றமையாலேயே மற்றொன்றை வலியுடையதாக்கியது.

இனித் தூள் குயவர் கைக்கு வருகின்றது. ஹைட்ரைடுத் தூளை எஃகு அச்சிலிட்டு அழுத்தினால் துகள்கள் நொறுங்கி இடைவெளிகளை நிரப்பிக்கொள்ளும். பச்சைப் பாண்டம் போன்ற அதனை வெற்றிடச் சூளையில் வைத்துச் சூடேற்றுவர். ஏறக்குறைய 400 பாகையில் ஹைட்ரஜன் வெளிவரத் தொடங்கும். ஒரு கிராம் தூளினின்று சாதாரண நிலையில் 450 கன சென்டிமீட்டர் வாயு எழும் என்றால் அதன் மிகுதியை உணரலாம். அது முற்றும் சென்றபின் 1200, 1300 பாகை வரை வெப்பத்தை உயர்த்தினால், உருகாமலேயே துகள்கள் ஒன்றோடொன்று பற்றி இறுகித் திண்ணிய டைட்டானியமாகும். உலோகத்தினும் ஹைட்ரைடு பருமன் மிக்கதாகலின், சுட்டபின் பொருள் சுருங்கும். சுருக்கத்தைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும் என்பதைப் பீங்கான் தொழிலாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை.

இத்தூளுக்கு வேறு பயன்களும் உள. உருகிய அலுமினியத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு தூவினால், புளித்த மாவுபோல் அது பொங்கி, துளை நிறைந்த இலேசான உலோகமாக உறையும். பீங்கானையும் உலோகத்தையும் பிணைக்கும் பயன் எங்களூர்க்கு இன்னும் நெருங்கியது. உருகிய வெள்ளியைப் பீங்கான்மேல் விட்டால், தாமரையிலையில் நீர்போல ஒட்டாது திரளும். 1940-ஐ அடுத்த ஆண்டுகளில் அமெரிக்கர் ஒரு முறை கண்டனர். பீங்கானின் விளிம்பில் டைட்டானிய ஹைட்ரைடுக் குழம்பைப் பூசி, அதன்மேல் வெள்ளிப் பற்றை வைத்து வெற்றிடத்திற் சூடாக்குவர். ஹைட்ரஜன் நீங்கும், அப்போதே பிறந்த தூய டைட்டானியம் பீங்கானிலுள்ள பிராணவாயுவை ஒருபுறமும் வெள்ளியை மறுபுறமும் பற்றிக்கொள்ளும். காற்றும் புகாத இணைப்பு அமையும். இலக்கண மாணவர் இதனை எளிதில் நினைவிற் கொள்ளலாம். மணி என்பதன்முன் அடி என்பது வந்தால் இரண்டு உயிரும் ஒட்டாது நிற்க, இடையே யகரம் தோன்றி மணியடி என்று இணைக்கின்றதன்றோ? டைட்டானியம் அத்தகைய உடம்படுமெய். ஹைட்ரஜனோ புணர்ச்சியில் கெடும் எழுத்து.

இத்தூளைக் கையாளுவோர் அஞ்ச வேண்டியதை அஞ்சவேண்டும். நுண்ணிய தூள் காற்றிற் பறந்து நெருப்புப்பொறியைச் சந்தித்தால் வெடிக்கும். எரியும் டைட்டானியத்தின்மேல் நீரைக் கொட்டினால் நீரிலுள்ள பிராணவாயுவையும் கவர்ந்து எரிந்து, ஹைட்ரஜனை வெளிவிட்டுத் தீயைப் பெருக்கும். உலர்ந்த மணலோ உப்போ இட்டு மூடுதலே வழி.

மணல் எடுக்கும் கரையின் நிலையையும் விடலாகாது. கடற்கரைத் தாதுமணல் அகழ்வு மீனவ ஊர்களில் நெடுங்காலமாகக் கவலைக்கும் வழக்கிற்கும் இடமாகியுள்ளது. 2013-இல் தமிழ்நாட்டு அரசினர் தனியார் தாதுமணல் அகழ்வைத் தடைசெய்தனர். சவறைக்கு வடக்கேயுள்ள ஆலப்பாட்டில், கரை கடலுட் போகின்றதென்று மக்கள் 2018, 2019 ஆண்டுகளில் கிளர்ச்சி செய்தனர். நூறு கிலோ தூய இல்மனைட்டில் ஏறக்குறைய 32 கிலோ டைட்டானியம் உளது. அம்மணலை மணலாகவே ஏற்றுமதி செய்வதினும், குறைந்த மணலினின்று உலோகமும் தூளும் ஆக்குதலே கரையோர்க்கும் நாட்டிற்கும் தகுவது என்பது எம் கருத்து.

விருத்தாசலத்துச் சூளைகளில் இதனைச் செய்யலாமோ எனின், இன்றுள்ள சூளையில் இயலாது. காற்று உலவும் சூளையில் வைத்த ஹைட்ரைடு, எரிந்து மீண்டும் வெண்ணிற ஆக்ஸைடே ஆகும். வெற்றிடச் சூளை வேண்டும். காற்றை வாங்கும் பம்பு வேண்டும். அவற்றை நடத்தும் மின்சாரம் வேண்டும். தூளைச் சலித்தல், அச்சில் அழுத்தல், பிளவின்றி உலர்த்தல், சுருக்கம் அறிந்து சுடுதல் ஆகிய மற்ற வேலைகளை அறிந்த கைகள் அங்கே நிரம்ப இருக்கின்றன.